பட்டாளம் விட்டு வந்தவர்

ஷெர்லக் ஹோம்ஸ் என்ற துப்பறிவாளரின் கதைகளை மாணவர்களாகிய நீங்கள் விரும்பிப் படித்திருப்பீர்கள். 1887இல் வெளிவந்த முதற்கதையில் ஒரு காட்சி வருகிறது. ஹோம்ஸ், எதிர்ச்சாரியில் கையில் உறையோடு வீட்டு எண்களைப் பார்த்துக்கொண்டே வரும் ஒருவரைக் கண்டு, அவர் கடற்படைத் துருப்பில் சார்ஜெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர் என்கிறார். அம்மனிதர் மாடியேறி வந்து கடிதத்தைக் கொடுக்கிறார். இப்போது என்ன தொழில் என்று வாட்சன் கேட்க, தாம் 'கமிஷனேர்' என்றும், சீருடை பழுதுபார்க்கப் போயிருக்கிறது என்றும் சொல்கிறார். பள்ளியில் இதைப் படித்தபோது, போலீஸ் கமிஷனரைத்தான் இப்படி எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணி, அத்தனை பெரிய அதிகாரி ஏன் கடிதம் சுமந்து வருகிறார் என்று நான் வெகுநாள் திகைத்ததுண்டு.

கமிஷனேர் என்பவர் லண்டன் மாநகரின் அலுவலக வாயில்களில் நின்றும், கடிதங்களையும் பொருள்களையும் உரியவரிடம் சேர்ப்பித்தும் பிழைத்த முன்னாள் படைவீரர். அவர்களுக்கென ஒரு சங்கம் இருந்தது. அதனை 1859இல் தொடங்கியவர் கேப்டன் எட்வர்டு வால்டர் என்னும் முன்னாள் குதிரைப்படை அதிகாரி. கிரிமியப் போரிலிருந்து மீண்டவர்கள் தெருக்களில் வேலையின்றித் திரிந்த காலம் அது. அங்கம் இழந்த வீரர் ஒரு சிலரைக் கொண்டே அவர் அம்முயற்சியைத் தொடங்கினார்.

அக்காலத்து முதலாளிகள் பழைய சிப்பாயை ஏன் விரும்பவில்லை என்பதை அறிந்தால்தான் வால்டரின் கூர்மை விளங்கும். இளமை முழுவதும் படையில் கழித்தவனுக்கு ஊரில் கைத்தொழில் ஏதுமில்லை. குடிப்பான், சண்டையிடுவான் என்ற அவப்பெயர் வேறு. அவனுக்கு நற்சான்று கூறவும் உள்ளூரில் ஆளில்லை. அவன் வீரத்தைப் போற்றி மேடையில் பேசுவோர் பலர் இருந்தும், தம் பணப்பெட்டியை நம்பி அவன் கையில் ஒப்படைப்போர் இல்லை. வால்டர் முதலாளிகளிடம் இரக்கத்தைக் கோரவில்லை. அவர்களுடைய அச்சத்துக்கு விடை தேடினார். நன்னடத்தைச் சான்று உள்ளவரை மட்டும் சேர்த்துக்கொண்டார். படைக்குரிய ஒழுங்கையும் சீருடையையும் நிலைநிறுத்தி, அவர்களுக்காகச் சங்கமே பொறுப்பேற்கும்படி செய்தார். அந்தப் பொறுப்பே முதலாளிகளை இழுத்தது.

ஆயினும் அவ்வேற்பாட்டில் ஒரு குறை இருந்ததாக எனக்குப் படுகிறது. நம்பிக்கைக்கு உரியவர் என்று முன்னாள் வீரரைக் காட்டிய அதே சீருடை, வாயிலே அவருக்கு உரிய இடம் என்றும் காட்டிவிட்டது. கதையில் வந்த சார்ஜெண்டு பலரை நடத்திய அனுபவம் உடையவர்; ஊர் அவரிடம் பெற்றதோ ஒரு கடிதத்தைக் கொண்டு சேர்க்கும் உழைப்பு மட்டுமே.

முதல் உலக யுத்தம் இந்தப் பிரச்சினையை வேறோர் அளவுக்குக் கொண்டு சென்றது. பிரிட்டனில் மட்டும் சுமார் 7,50,000 பேர் நிரந்தர ஊனத்தோடு திரும்பினர். ஒரு சங்கத்தின் நற்சான்று இத்தனை பேருக்கு எங்ஙனம் போதும்? மான்செஸ்டர் நகரத் தொழிலதிபர் ஹென்றி ராத்பாண்டு என்பவர் போர் நடந்துகொண்டிருந்தபோதே ஒரு யோசனையை வற்புறுத்தி வந்தார். காயமுற்றோரை வேலைக்கு எடுப்பதாக முதலாளிகள் முன்கூட்டியே வாக்களிக்க வேண்டும். வாக்களித்தோர் பெயரை ஒரு கௌரவப் பட்டியலில் பொறிக்க வேண்டும் என்பது அது. நன்றியுணர்ச்சி சூடாக இருக்கும்போதே கையெழுத்து வாங்கிவிட வேண்டும் என்ற வியாபாரியின் நுண்ணறிவு அதில் தெரிகிறது.

1919 செப்டம்பரில் மன்னரின் பெயரால் அத்திட்டம் பிறந்தது. தம் ஆட்களில் 100க்கு 5 பேர் ஊனமுற்ற முன்னாள் வீரராக இருக்கச் செய்யும் முதலாளி 'மன்னரின் தேசியப் பட்டியலில்' இடம் பெறுவார். அதற்குரிய முத்திரையைத் தம் கடிதத்தாளில் அச்சிட்டுக்கொள்ளலாம். சட்டக் கட்டாயம் எதுவுமில்லை. எனினும் அரசாங்க ஒப்பந்தங்களில் பட்டியலில் உள்ளவர்களுக்கே முன்னுரிமை என்றொரு விதி விரைவில் துணைக்கு வந்தது. முத்திரை அழகுதான், ஒப்பந்தம் அதைவிட இனிது. 1920களில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்கள் இத்திட்டத்தின்கீழ் வேலையில் இருந்தனர். ஜெர்மனியோ 1920இலேயே சட்டம் இயற்றிக் கட்டாயமாக்கியது.

மூன்று லட்சம் என்பதை நான் சிறிதெனக் கருதவில்லை. கடும் வேலையின்மை நிலவிய காலத்தில் அது அத்தனை குடும்பங்களின் அடுப்பு. ஆனால் அத்திட்டம் முதலாளியிடம் கேட்டது ஒரே கேள்வி: எத்தனை பேர்? அவர்களுக்கு என்ன வேலை, அவர்கள் எதில் வல்லவர்கள் என்று அது கேட்கவில்லை. புதுத் தொழில் பயிற்றுவிக்கும் முயற்சிகளும் எளிதில் நடக்கவில்லை. ஆள் பெருகினால் கூலி குறையும் என்று அஞ்சிய கட்டடத் தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்றன. அவர்களைக் குறை கூறவும் மனம் வரவில்லை. அவர்களும் வேலைக்கு அஞ்சியவர்களே.

இரண்டாம் உலக யுத்தத்தில் ஒரு விந்தை நிகழ்ந்தது. யார் எதற்குத் தகுதி என்ற அந்தக் கேள்வியைப் படையே கேட்கத் தொடங்கிற்று. 1941இல் பிரிட்டிஷ் ராணுவம் ஆள் தேர்வுக்கென ஒரு தனி இயக்ககம் அமைத்தது. மறு ஆண்டு முதல், புதிதாகச் சேர்ந்தோரைச் சோதித்து, யாருக்கு எந்திர அறிவு உண்டு, யாருக்குக் கம்பியில்லாத் தந்தி வரும் என்று கண்டறிந்த பின்னரே பிரிவுகளுக்கு அனுப்பினார்கள்.

ஊர்ப்புறம் அந்தப் பாடத்தை அவ்வளவு விரைவில் கற்கவில்லை. 1944இல் வந்த சட்டம், 20 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் முதலாளி ஒவ்வொருவரும் ஊனமுற்றோருக்கு ஒரு பங்கு இடம் தரவேண்டும் என்று கட்டாயப்படுத்தியது. அப்பங்கு பின்னர் 100க்கு 3 என்று வகுக்கப்பட்டது. படைவீரர் மட்டுமன்றி எல்லா ஊனமுற்றோருக்கும் உரியதாக அதை விரித்தது பெரிய முன்னேற்றம். அதே சட்டத்தின்கீழ் ஊனமுற்றோருக்கென்றே சில வேலைகள் ஒதுக்கப்பட்டன. அவை எவை என்று நினைக்கிறீர்கள்? மின்சார லிப்டை இயக்குவதும், மோட்டார் வண்டிகள் நிறுத்துமிடத்தைக் காவல் காப்பதும்! ஏறக்குறைய 90 ஆண்டுகள் சுற்றிவிட்டுக் கேப்டன் வால்டரின் வாயிற்படிக்கே வந்துசேர்ந்தாற்போல் இருக்கிறது. அந்தக் கட்டாயப் பங்கு 1996 வரை ஏட்டில் இருந்தது; மீறிய முதலாளிகள் மீது வழக்குத் தொடுக்கப்பட்டதோ மிக அரிது.

இவ்வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒருவர் நினைவுக்கு வருகிறார். நான் கல்லூரியில் படித்த நாட்களில், எங்கள் ஊர் வங்கியொன்றின் வாசலில் துப்பாக்கியும் கையுமாக முக்காலியில் அமர்ந்திருப்பார். பட்டாளத்தில் சிக்னல்ஸ் பிரிவில் ஹவில்தாராக இருந்தவர். 'பட்டாளத்து ஐயா' என்றுதான் எல்லோரும் அழைப்போம். ஒரு நாள் பணம் கட்டப் போயிருந்தேன். வங்கியின் உள்தொலைபேசிகள் எல்லாம் ஊமையாகிவிட்டன. பழுதுபார்ப்பவர் மறுநாள்தான் வருவாராம். மேலாளர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். ஐயா துப்பாக்கியை இன்னொரு காவலரிடம் கொடுத்துவிட்டு உள்ளே வந்தார்; சுவரிலிருந்த பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்த்து, அரைமணி நேரத்தில் மணியொலிக்கச் செய்துவிட்டார்.

"இதெல்லாம் உங்களுக்குத் தெரியுமென்று சொல்லவே இல்லையே, ஐயா!" என்றார் மேலாளர்.

"யாரும் கேட்கவில்லை, சார்" என்று சொல்லிவிட்டு, அவர் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு முக்காலிக்குத் திரும்பினார்.