தோற்றமும் குரலும்: ஒரு கலைச்சொல்லின் வரலாறு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் நகரத்துச் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் மனநோயுற்ற பெண்டிரைப் பேணிவந்த எஸ்கிரோல் என்னும் மருத்துவருக்கு ஒரு சொற்சிக்கல் எழுந்தது. இல்லாததை உணர்வோரின் நிலைக்கு 'காட்சி' என்னும் பெயரே அதுவரை வழங்கிவந்தது. ஆனால் அந்நோயாளருட் பலர் எதனையும் காணவில்லை, கேட்டனர். சிலர் இல்லாத மணத்தை முகர்ந்தனர். செவியின் காட்சி என்றும் நாவின் காட்சி என்றும் சொல்ல எவர் துணிவர் என்பது எஸ்கிரோலின் வினா. ஐம்புலனுக்கும் பொதுவான பெயரை நாடி, மனம் அலைதலையும் பிதற்றுதலையும் குறித்த ஓர் இலத்தீன் வினையினின்று பிறந்த 'ஹாலுசினேஷன்' என்னும் சொல்லை அவர் தேர்ந்தார். திட்டமான பொருள் எதுவும் அதற்கு இல்லாதிருந்ததே அதன் சிறப்பு எனக் கருதினார். கலைச்சொல் ஆக்குவோர் இவ்விடத்தில் சற்றே நின்று எண்ணுதல் தகும். பொருள் தெளிவாகத் தொனிக்கும் சொல்லே நற்சொல் என்று நாம் பழகியிருக்கின்றோம். அவரோ பொருள் ஒட்டாத சொல்லை வேண்டுமென்றே எடுத்தார்.

1817-இல் எழுதி, 1838-இல் தம் பெருநூலுள் சேர்த்த கட்டுரையில் அவர் தந்த வரையறை இன்றளவும் நிலைத்துள்ளது. புலனைத் தூண்டக்கூடிய புறப்பொருள் எதுவும் எட்டும் எல்லையில் இல்லாதபோதும், தான் அதனை இப்பொழுதே உணர்வதாக ஒருவன் உறுதியாக நம்புதல் என்பது அதன் சாரம். கயிற்றைப் பாம்பெனக் காண்பது இதன்பாற்படாது. ஆங்கே கயிறேனும் உண்டு. வேதாந்திகள் கயிற்றரவு எனச் சுட்டும் அந்நிலையை அவர் வேறு பெயரிட்டுப் பிரித்துவைத்தார்.

பெயர் கிடைத்தவுடன் அதனை எங்கெங்கே ஒட்டலாம் என்னும் ஆசையும் பிறந்துவிட்டது. 1836-இல் லெலூ என்னும் மருத்துவர், சாக்ரடீசுக்குக் கேட்ட குரலை நோயின் குறி என்று ஒரு நூலே எழுதினார். அக்குரல் சாக்ரடீசை எதனையும் செய்யுமாறு ஏவவில்லை, தகாததைச் செய்யாதவாறு தடுத்தது மட்டுமே என்று பிளேட்டோ கூறுவது அவருக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. இருபத்திரண்டு நூற்றாண்டு கழிந்தபின் ஒரு ஞானிக்கு நோய்ச்சீட்டு எழுதியதை வீரம் என்று கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

மொரோ என்னும் மற்றொரு மருத்துவரின் வழி வேறு. கீழை நாடுகளில் பயணம் செய்து திரும்பிய அவர், கஞ்சாச் செடியினின்று ஆக்கிய ஹஷீஷைத் தாமே உட்கொண்டார். பித்தினை வெளியில் நின்று நோக்கும் மருத்துவன் அதனை அறியான். அறிவு விழித்திருக்கும்போதே மருந்தினால் அந்நிலைக்குள் புகுந்து பார்க்கவேண்டும் என்பது 1845-இல் அவர் வெளியிட்ட நூலின் வாதம். கனவும் பித்தும் மருந்தின் மயக்கமும் அடிப்படையில் ஒன்றே என்று அவர் துணிந்து கூறினார். பாரிஸில் பிமோதான் மாளிகையில் கூடிய எழுத்தாளர் குழுவில் அவ்விளகம் பரிமாறப்பட்டதை 1846-இல் கோத்தியே எழுதினார். நோய்க்கூடத்தில் பிறந்த சொல் இவ்வாறு இலக்கியக் கூடத்துள் நுழைந்தது.

1860-இல் போதலேர் எழுதிய 'செயற்கைச் சொர்க்கங்கள்' என்னும் நூலின் ஒரு பெரும்பகுதி, ஆங்கிலேயரான டி குவின்சியின் அபினி வாக்குமூலத்தைத் தழுவியது. 1821-இல் இதழொன்றில் வெளிவந்த அவ்வாக்குமூலத்தில் நம் வட்டாரத்தார் கவனிக்கவேண்டிய பகுதி ஒன்று உண்டு. இங்கிலாந்தின் ஏரிப்பகுதியில் இருந்த அவர் குடிலின் வாயிலில் ஒருநாள் மலாய்க்காரர் ஒருவர் வந்து நின்றாராம். மலாய் மொழி அறியாத டி குவின்சி, கீழை மொழிகளுக்கு அண்மையது கிரேக்கமே என்று எண்ணி, ஹோமரின் வரிகளை அவரிடம் ஒப்பித்தார்! வந்தவரும் ஏதோ மறுமொழி கூறினார். அது மலாய் என்பது டி குவின்சியின் ஊகம். பிரியும்போது கொடுத்த அபினியை அம்மனிதர் ஒரே வாயில் விழுங்கிவிட்டுப் போனார். அந்நிகழ்ச்சி நடந்ததா என்று ஐயுறுவோரும் உளர். அதன்பின் அந்த உருவம் கனவுதோறும் வந்து டி குவின்சியை வருத்தியது. ஒரு சொல்லும் புரியாத அயலானைப் பற்றிய அச்சமே அக்கனவுகளின் முதல். அபினி அதனைப் பெருக்கிற்று. மருந்து எதைக் காட்டும் என்பதை உண்பவனின் ஊரும் காலமுமே பெரும்பாலும் முடிவு செய்கின்றன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

மொரோ ஒன்றெனக் கண்ட நிலைகளினின்று படைப்போனின் கற்பனையைப் பிரித்துக் காட்டியவர் நாவலாசிரியர் ஃப்ளோபேர். 1866-இல் தெய்ன் என்னும் அறிஞர் அனுப்பிய வினாக்களுக்கு அவர் எழுதிய விடைக் கடிதங்கள் வியத்தற்குரியன. மதாம் பொவாரி நஞ்சுண்ணும் பகுதியை எழுதுகையில் தம் நாவிலேயே ஆர்செனிக்கின் சுவை தோன்றியதென்றும் உண்ட உணவை வாந்தியெடுத்ததாகவும் அவர் தெரிவித்தார். எனினும் இதனை நோயோடு ஒன்றாக எண்ணவேண்டா என்று எச்சரித்தார். வலிப்பு நோயினால் துன்புற்றிருந்த அவருக்கு இரண்டும் பட்டறிவு. கலைஞனின் காட்சியில் மகிழ்ச்சி உண்டு. நோயின் காட்சியில் தன்னை இழக்கும் பேரச்சமே உண்டு.

குரல் கேட்பவரே எழுதிய நூல்களுள் மொழியியலார்க்கு மிக நெருக்கமானது, ஜெர்மானிய நீதிபதி ஷ்ரேபர் 1903-இல் வெளியிட்ட நினைவுக் குறிப்பு. அவருக்குக் கேட்ட குரல்கள் 'அடிமொழி' என்று அவர் பெயரிட்ட ஒரு பழஞ்சாயலுடைய ஜெர்மானியத்தில் பேசின. இடக்கரடக்கல் அதில் மிகுதி. உணவை நஞ்சு என்றும் தண்டனையைப் பரிசு என்றும் பொருளைத் தலைகீழாக்கும் வழக்கும் இருந்தது. குரல்கள் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்திவிட, எஞ்சியதை அவரே நிரப்பவேண்டியதாயிற்று. நூல் அச்சாவதற்கு முந்திய ஆண்டு, குரல்கள் ஓயாதபோதும் தம் உடைமைகளைத் தாமே ஆளும் திறன் அவருக்கு உண்டு எனக் கண்டு, டிரெஸ்டன் மேல்முறையீட்டு மன்றம் அவரைப் பிறர் காப்பிலிருந்து விடுவித்தது. கேட்பது வேறு, வாழத் தகுதியின்மை வேறு என்று அம்மன்றம் கண்டதை லெலூ காணவில்லை.

இனி நம் மொழிக்கு வருவோம். அகப்பொருள் மரபு இதற்கு உருவெளிப்பாடு என்று பெயரிட்டது. கம்பர் ஆரணிய காண்டத்தில் அதனை ஒரு நாடகமாகவே ஆக்கினார். கேட்ட அளவிலேயே சீதையை எண்ணி வெந்த இராவணன் கண்முன் ஓர் உரு நிற்கின்றது. இவள்தானோ என்று சூர்ப்பணகையை அழைத்து வினவுகின்றான். அவளோ, நிற்பவன் இராமன் என்கின்றாள். ஒரே வெற்றிடத்தில் இருவர் இரு வேறு உருக் காண்கின்றனர். இடைவிடாத நினைவு செல்லும் திசையெல்லாம் அவ்வுருவே தோன்றும் என்று காரணமும் அவளே கூறுகின்றாள். தனக்கு இராமன் தோன்றுவதற்கு மட்டும் அவன் இழைத்த தீங்கையே காரணம் காட்டிக் காதலை மறைத்துக்கொள்கின்றாள்.

அழகிய சொல், ஆனால் 'உரு' என்றதால் கண்ணோடு நின்றுவிட்டது. இன்று நாம் வழங்கும் 'மாயத்தோற்றம்' என்னும் கலைச்சொல்லும் அவ்வாறே. எஸ்கிரோல் எக்குறையை நீக்கச் சொல் தேடினாரோ அக்குறையை நாம் மொழிபெயர்ப்பில் மீண்டும் கொணர்ந்துவிட்டோம். மனச்சிதைவு நோயில் மிகுதியாக நேர்வது தோற்றம் அன்று, குரல். மருத்துவமனையில் முதிய தமிழ்த் தாயொருவரிடம் "அம்மா, ஏதாவது மாயத்தோற்றம் தெரிகிறதா?" என்று ஒருவர் கலைச்சொல் பிறழாமல் கேட்டால், இரவெல்லாம் ஏசும் குரலைக் கேட்பவரும் "ஒன்றும் தெரியவில்லை" என்றே விடையிறுப்பார். அவ்விடை பொய்யன்று. மருத்துவக் குறிப்பில் மட்டும் 'இல்லை' என்று பதிவாகிவிடும்.

'பிரமை' உதவாது, திகைத்து நிற்பவனையும் பிரமை பிடித்தவன் என்கின்றோம். 'அசரீரி' உடலற்ற குரலைக் குறித்தாலும், அது வானத்தினின்று வரும் மெய்வாக்கு. தம்மைச் சாகும்படி ஏவும் குரலுக்கு அப்பெயரை நாமே சூட்டிவிட்டால், அதனை எதிர்த்து நிற்க நோயாளருக்கு என்ன துணை உண்டு? 'இல்புலன் உணர்வு' போன்ற ஒரு பொதுச்சொல்லை நூல்களுக்கு ஆக்கிக்கொள்ளலாம். அறிஞர் கூடி முடிவு செய்யட்டும். நோயாளரிடம் கேட்பதற்குக் கலைச்சொல்லே வேண்டா. "பக்கத்தில் யாரும் இல்லாதபோது யாராவது பேசுவது காதில் விழுகிறதா? என்ன சொல்கிறார்கள்?" என்று கேட்டால் போதும்.