32 க்ளிக்: மலிவான காயில்ஓவரை எதை வைத்து எடை போடுவது?

இந்த எபிசோடு ஒரு நேயர் கேட்ட கேள்வியிலிருந்து வந்தது. "விலை குறைவா ஒரு காயில்ஓவர் செட் பார்த்தேன். மோனோட்யூப், 32 க்ளிக், உயரம் மாத்தலாம்னு எல்லாமே போட்டிருக்கு. வாங்கலாமா?"

வாங்கலாம், வாங்கக் கூடாது என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் அந்த விளம்பரத்தில் இருக்கும் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு வரலாறு இருக்கு. அது தெரிந்தால் பதில் உங்களுக்கே கிடைச்சிடும்.

முதல்ல என் கதையைச் சொல்லிடறேன். என்னிடம் ஒரு பழைய போலோ ஜிடி இருந்தது. அதற்கு இதே மாதிரி ஒரு செட் வாங்கி மாட்டினேன். பார்க்க அருமையா இருந்தது. ஒரு மழை நாளில், வளைவு ஒன்றில் அடுத்தடுத்து மூன்று மேடு. முதல் மேட்டில் முன்பக்கம் அமுங்கியது. அது எழுவதற்குள் இரண்டாவது வந்தது. மூன்றாவதில் அமுங்க இடமே இல்லை. முன் டயர் பிடியை விட்டு, வண்டி நேராக எதிர் லேனுக்குப் போனது. எதிரில் யாரும் வரவில்லை. அதனாலதான் இன்னைக்கு உங்ககிட்ட பேசிக்கிட்டிருக்கேன்.

என்ன நடந்தது? ஸ்பிரிங்கின் வேலை வண்டியின் எடையைத் தாங்குவது. டாம்பர், அதாவது நாம ஷாக் என்று சொல்வது, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது. டாம்பரைச் சுற்றியே ஸ்பிரிங்கை மாட்டினால் அது காயில்ஓவர். என் செட்டில் டாம்பர் அமுங்கின பிறகு மேலே எழ விடாமல் ரொம்ப இறுக்கிப் பிடித்தது. அதனால் ஒவ்வொரு மேட்டிலும் வண்டி கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கி, கடைசியில் பம்ப் ஸ்டாப் ரப்பரில் உட்கார்ந்துவிட்டது.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

1930-களின் தொடக்கத்தில் காடிலாக்கில் மாரிஸ் ஆலி என்ற பொறியாளர் ஒரு சோதனை வண்டி செய்தார். எடைகளை இங்கும் அங்கும் நகர்த்தி, ஸ்பிரிங்குகளை மாற்றி, அதில் ஆட்களை உட்கார வைத்து எப்படி இருக்கிறது என்று கேட்டார். மனிதனின் முதுகுதான் கருவி. முன் ஸ்பிரிங்கும் பின் ஸ்பிரிங்கும் ஒன்றோடு ஒன்று பொருந்த வேண்டும், வண்டியின் எடையோடும் பொருந்த வேண்டும் என்பது அப்படித்தான் புரிந்தது. அந்தப் 'பொருத்தம்' என்ற சொல்லை ஞாபகம் வச்சுக்கோங்க.

அடுத்து மோனோட்யூப். பழைய டாம்பர்களில் எண்ணெயும் காற்றும் ஒரே இடத்தில் இருந்தன. வேகமாக ஆடும்போது எண்ணெய் நுரைத்து, டாம்பர் வலுவிழந்தது. 1953-ல் பிரான்சின் கிறிஸ்டியான் பூர்சியே த கார்பன் ஒரு தீர்வு கண்டார். ஒரே குழாய், உள்ளே மிதக்கும் பிஸ்டன், அதற்கு ஒரு பக்கம் எண்ணெய், மறுபக்கம் அழுத்தமான வாயு. 1957-ல் பில்ஸ்டீன் இதை மெர்சிடிஸ் கார்களுக்குக் கொண்டு வந்தது. அன்றைக்கு மோனோட்யூப் என்றாலே உயர்ந்த சரக்கு.

திருகுகிற குமிழ்? நெதர்லாந்தின் கோனி அதைப் புகழ்பெறச் செய்தது. அதன் முதல் பயன் ரொம்ப எளிமையானது: டாம்பர் தேயத் தேய, திருகி அந்த இழப்பை ஈடுகட்டுவது.

உயரம் மாற்றும் வசதியை நம்ம தலைமுறைக்குப் பழக்கியது ஜப்பான். அங்கே இதற்கு 'ஷாகோச்சோ' என்று பெயர். 1985-ல் தொடங்கிய டெய்ன் போன்ற நிறுவனங்கள் ரேஸ் பொருளைத் தெருவுக்குக் கொண்டு வந்தன. 1995-ல் அரசு உதிரிபாக விதிகளைத் தளர்த்தியதும் சந்தை விரிந்தது. 2000-களில் தைவானின் பிசி ரேசிங், டி2 போன்றவை இன்னும் குறைந்த விலையில் உலகம் முழுக்க விற்றன.

இங்கேதான் கவனிக்கணும். ஒரு காலத்தில் தரத்துக்கு அடையாளமாக இருந்த மோனோட்யூப், குமிழ், உயர மாற்றம் மூன்றும் இன்று ஆகக் குறைந்த விலை செட்டிலும் இருக்கு. அதனால் அவை எதையும் நிரூபிப்பதில்லை. மறுபக்கம், ஓலின்ஸின் டிடிஎக்ஸ் ரேஸ் டாம்பர் இரட்டைக் குழாய் அமைப்பு. அதை மட்டம் என்று யாராவது சொல்வார்களா?

மலிவாகாதது உள்ளே இருக்கும் பொருத்தம். ஒரு கணக்கு சொல்றேன். அதே வண்டியில் ஸ்பிரிங்கை நான்கு மடங்கு கடினமாக்கினால், அதே அளவு அடக்கத்துக்கு டாம்பர் விசை இரண்டு மடங்கு வேண்டும். பிஸ்டனில் இருக்கும் மெல்லிய தகடுகள்தான் இதைத் தீர்மானிக்கின்றன. ஒவ்வொரு கார் மாடலுக்கும் அந்தத் தகடுகளைத் தனியாகத் தேர்ந்தெடுத்துச் சோதிக்க ஆள் வேண்டும், நேரம் வேண்டும். விலை குறைக்கும்போது முதலில் வெட்டப்படுவது அதுதான், ஏன்னா அது போட்டோவில் தெரியாது.

என் செட்டைக் கழற்றி, ரேஸ் வண்டி தயார் செய்யும் ஒரு பட்டறையில் டைனோவில் ஏற்றினோம். பிஸ்டன் எந்த வேகத்தில் போனால் எவ்வளவு விசை என்று அது கோடு போட்டுக் காட்டும். 32 க்ளிக்கில் முதல் ஏழெட்டு மட்டும்தான் வேலை செய்தது. ஒரே க்ளிக்கில் இடதும் வலதும் இரண்டு வேறு கோடுகள். அதைப் பார்த்தப்போதான் அந்த மழை நாள் புரிஞ்சது.

மலிவு என்றாலே மோசமா? இல்லை. டெய்னின் ஃப்ளெக்ஸ் இசட்டைப் பாருங்க. பிரித்துப் பழுதுபார்க்க முடியாத சீல் வைத்த அமைப்பு, இரட்டைக் குழாய். தேய்ந்தால் முழு டாம்பரையே மாற்ற வேண்டும். எதை விட்டு விலையைக் குறைத்தார்கள் என்று வெளிப்படையாகத் தெரிகிறது. அது நேர்மையான சிக்கனம்.

அதனால் நம்ம நேயர் விற்பவரிடம் நாலு கேள்வி கேட்கட்டும். என் காருக்கான டைனோ கோடு இருக்கிறதா? இடது, வலது இரண்டுக்கும் காட்ட முடியுமா? வண்டியை இறக்கிய பிறகு பம்ப் ஸ்டாப்பைத் தொடுவதற்கு முன் எவ்வளவு இடம் மிஞ்சும்? சீல் கசிந்தால் ஒரு டாம்பர் மட்டும் தனியாகக் கிடைக்குமா? பதில் வந்தால் விலையைப் பேசுங்க. "32 க்ளிக் இருக்கு சார்" என்பது மட்டும்தான் பதில் என்றால், கம்பெனி ஷாக்கையே புதுசா மாற்றிக்கோங்க. வண்டி கொஞ்சம் உயரமாத்தான் நிற்கும். ஆனா மூன்றாவது மேட்டிலும் டயர் ரோட்டில் இருக்கும்.