பன்னிரண்டு பைட்டின் வரலாறு

மனிதன் பெயர்களை நினைவில் வைக்கிறான். இயந்திரம் எண்களைக் கொண்டு இயங்குகிறது. இணையத்தில் நாம் ஒரு நிலையத்தை நாடும்போது அதன் பெயரைத்தான் தட்டச்சு செய்கிறோம். கண் இமைக்கும் நேரத்திற்குள் அப்பெயருக்குரிய எண் முகவரி கண்டறியப்பட்டு, நாம் வேண்டிய பக்கம் திறந்து விடுகிறது. இப்பணியைச் செய்வது கணிப்பொறிக்குள் அமைந்த ஒரு சிறு நிரல் நூலகமாகும். அது தன் கேள்வியை ஒரு பொட்டலமாகக் கட்டி வெளியே அனுப்புகிறது. விடையையும் பொட்டலமாகவே பெறுகிறது. அப்பொட்டலம் ஒவ்வொன்றின் முன்னாலும் பன்னிரண்டு பைட் நீளமுள்ள தலைப்பகுதி ஒன்று உண்டு. அளவில் அற்பமான இப்பகுதி எவ்வாறு தோன்றியது, அதனால் விளைந்த அபாயம் யாது, அதை அறிஞர்கள் எவ்வாறு தடுத்தனர் என்பவற்றை இங்கே காண்போம்.

அமெரிக்காவில் 1969ஆம் ஆண்டு ஆர்ப்பாநெட் என்னும் வலையமைப்பு தொடங்கியது. அதில் சேர்ந்த கணிப்பொறிகளின் பெயர்களும் எண்களும் பின்னர் ஒரே கோப்பில் எழுதி வைக்கப்பட்டன. கலிபோர்னியாவிலுள்ள ஸ்டான்போர்டு ஆராய்ச்சி நிலையத்தில், எலிசபெத் பெயின்லர் அம்மையாரின் தலைமையில் இயங்கிய தகவல் மையம் அக்கோப்பைப் பேணி வந்தது. மற்றவர்கள் அதை அவ்வப்போது நகல் எடுத்துக்கொண்டனர். கணிப்பொறிகள் சிலவாக இருந்த வரை இம்முறை போதுமானதாக இருந்தது. அவை பெருகியபோது கோப்பும் பெருத்தது. நகல் எடுப்போர் கூட்டமும் பெருகியது. ஓரிடத்தில் செய்த திருத்தம் மற்ற இடங்களுக்குப் போய்ச் சேர்வதற்குள் பழையதாகி விட்டது.

இந்நிலையில், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தகவல் விஞ்ஞான நிலையத்தில் பணியாற்றிய பால் மொக்கபெட்ரிஸ், பெயர்களைப் பல நிலையங்கள் பங்கிட்டுக் காக்கும் டி.என்.எஸ். என்ற முறையை 1983ஆம் ஆண்டு வகுத்தார். அதன் திருத்திய விதிகள் 1987இல் வெளிவந்தன. பொட்டலத்தின் தலைப்பகுதி இன்றும் அவ்விதிகளின்படியே அமைந்திருக்கிறது.

அதன் முதல் இரண்டு பைட்டில் ஓர் அடையாள எண் இருக்கும். அடுத்த இரண்டு பைட்டில் சிறுசிறு குறிகள் அடங்கும்: இது கேள்வியா, விடையா? விடை தருபவர் அப்பெயருக்கு உரிமையுள்ளவரா? விடை நீண்டு விட்டதால் பாதியில் வெட்டப்பட்டதா? பிழை நேர்ந்ததெனில் எவ்வகைப் பிழை? எஞ்சிய எட்டு பைட்டில் நான்கு எண்ணிக்கைகள் உண்டு. உள்ளே எத்தனை கேள்விகள், எத்தனை விடைகள், எத்தனை துணைக் குறிப்புகள் இருக்கின்றன என்பதை அவை அறிவிக்கும். மொக்கபெட்ரிஸ் மூன்று பிட்டுகளை எதற்கும் பயன்படுத்தாமல் பூச்சியமாகவே விட்டு வைத்தார்.

கலிபோர்னியாவின் பெர்க்கிலி பல்கலைக்கழகத்தில் 1984இல் நான்கு மாணவர்கள் இம்முறைக்கான நிரல்களை எழுதினர். யூனிக்ஸ் கணிப்பொறிகளில் பரவிய அந்நிரலுக்கு பைண்ட் என்று பெயர். இத்தகைய நூலகங்களை எழுதியோர் முதலில் சந்தித்த இடையூறு விநோதமானது. இரண்டு பைட் எண்ணில் பெரிய பாதியை முதலில் எழுதுவதா, சிறிய பாதியை முதலில் எழுதுவதா என்பதில் கணிப்பொறிகளுக்குள் ஒற்றுமை இல்லை. டேனி கோஹென் என்பவர் 1980இல் இப்பூசலை, ஜோனதன் ஸ்விப்ட் 1726இல் வெளியிட்ட கலிவரின் யாத்திரைகளில் வரும் முட்டைச் சண்டைக்கு ஒப்பிட்டார். பெரிய பாதியே முன்செல்ல வேண்டும் என்பது இணையத்தின் விதி. பெர்க்கிலியில் பயன்பட்ட வாக்ஸ் இயந்திரமோ சிறிய பாதியை முன்வைப்பது. மாற்றிப் படிக்க மறந்தால், ஒரே ஒரு விடை என்னும் எண்ணிக்கை 256 விடைகளாகத் தோன்றிவிடும்! ஆகவே தலைப்பகுதியைப் பைட் பைட்டாகப் பிரித்துப் படிப்பது நூலகத்தின் முதற்கடமை ஆயிற்று.

இனி, அடையாள எண்ணுக்கு வருவோம். கோவில் வாசலில் காலணி விட்டுச் செல்வோருக்கு ஒரு டோக்கன் தருவார்கள் அன்றோ? அதே எண்ணைக் காட்டுவோரிடம் காலணி கொடுக்கப்படும். அவர் யார் என்று கேட்பதில்லை. அடையாள எண்ணும் அத்தகையதே. கேள்வியில் இட்ட எண்ணே விடையிலும் இருந்தால், அந்த விடை தனக்குரியது என்று நூலகம் கொள்ளும். பல கேள்விகளையும் பல விடைகளையும் குழப்பமின்றிப் பொருத்துவதற்காகவே இவ்வெண் ஏற்பட்டது. திருடனைத் தடுக்கும் பூட்டாக அதை எவரும் செய்யவில்லை. ஆயினும் காலப்போக்கில் அதுவே பூட்டாகவும் நின்றது.

அக்காலத்து நிரல்கள் இவ்வெண்ணை ஒன்று, இரண்டு, மூன்று என வரிசையாகவே இட்டு வந்தன. அடுத்த டோக்கன் எது என்பதை எவரும் ஊகிக்கக் கூடுமாதலால், உண்மை விடை வருமுன் பொய் விடையை அனுப்பி ஏமாற்ற இயலும். 1997இல் இது குறித்து எச்சரிக்கை வெளியாயிற்று. அதன்பின் எண்களை ஊகிக்க இயலாதபடி இடும் வழக்கம் வந்தது. அவ்வாறு இட்டாலும், இரண்டு பைட்டில் அடங்கும் எண்கள் 65,536 மட்டுமே.

இது போதாது என்பதை 2008இல் டான் காமின்ஸ்கி என்ற ஆராய்ச்சியாளர் மெய்ப்பித்தார். ஒரு பெயருக்குரிய விடை சேமிக்கப்பட்டிருக்கும் வரை ஏமாற்றுவோன் காத்திருக்கத்தான் வேண்டும் என்று அதுவரை எண்ணியிருந்தனர். இல்லாத பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கச் செய்தால் காத்திருக்கத் தேவையில்லை என்று அவர் கண்டார். ஒவ்வொரு கேள்வியும் ஒரு புதிய பந்தயம். ஒன்றில் வென்றாலும் போதும். பொய் விடையோடு வரும் துணைக் குறிப்பு, அந்நிலையத்தின் உண்மைப் பெயரையே வேறு முகவரிக்குத் திருப்பி விடும். வங்கியை நாடுவோர் கள்வனின் கணிப்பொறிக்குச் செல்ல நேரிடும். காமின்ஸ்கி இதை உடனே பறைசாற்றவில்லை. நிரல் ஆக்குவோரிடம் இரகசியமாகத் தெரிவித்தார். அவர்கள் கூடி ஆலோசித்து, 2008 ஜூலை 8ஆம் நாள் ஒருசேரத் திருத்தங்களை வெளியிட்டனர். கேள்வி புறப்படும் வாயில் எண்ணையும் ஒவ்வொரு முறையும் மாற்றுவதே அத்திருத்தம். டோக்கனோடு, எந்த வாசலில் வாங்கியது என்பதையும் ஊகிக்கும்படி ஆயிற்று. கள்வனின் வேலை பல்லாயிரம் மடங்கு கடினமாயிற்று. தலைப்பகுதியில் ஒரு பிட்டும் மாறவில்லை.

நிலையான பரிகாரம் விடைகளில் கையொப்பம் இடுவதே. அதற்கென வகுத்த முறைக்குத் தலைப்பகுதியில் இரண்டு குறிகள் தேவைப்பட்டன. மொக்கபெட்ரிஸ் வெறுமையாக விட்டிருந்த மூன்று பிட்டுகளில் இரண்டு அதற்குப் பயன்பட்டன. 2010 ஜூலையில் பெயர் மரத்தின் வேர்ப் பகுதியே கையொப்பம் பெற்றது. எஞ்சிய ஒரு பிட் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.

எனினும் எல்லாப் பெயர்களுக்கும் கையொப்பம் இல்லை. ஆகையால் நூலகத்தின் பொறுப்பு குறையவில்லை. அடையாள எண் பொருந்துகிறதா? கேட்ட இடத்திலிருந்தே விடை வந்ததா? கேட்ட கேள்விதான் அதில் இருக்கிறதா? வந்தது உண்மையில் விடைதானா? இக்குறியைப் பாராமல் விடைக்கே விடை அனுப்பும் இரண்டு கணிப்பொறிகள் எதிர்ப்பட்டால் அவற்றின் உரையாடல் ஓயவே ஓயாது! எண்ணிக்கை ஆயிரம் விடைகள் என்று சொல்லலாம். பொட்டலத்தில் ஒன்றுதான் இருக்கலாம். சொன்னதை நம்பிப் படித்துச் செல்லும் நூலகம் பொட்டலத்தின் எல்லையைக் கடந்து, தனக்குரியதல்லாத நினைவகத்தைத் தொட்டுவிடும்.

டி.என்.எஸ். பிறந்த காலத்தில் வலையமைப்பில் இருந்தோர் பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்கள். தலைப்பகுதியில் எழுதியிருப்பதை நம்புவது அன்று இயல்பாக இருந்தது. இன்று அதைக் கையாளும் நிரலை எழுதப் புகும் மாணவர், அனுப்பியவர் எழுதியதைப் படித்தால் மட்டும் போதாது; ஒவ்வொரு எண்ணையும் பொட்டலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே ஏற்க வேண்டும்.