முதுகெலும்புப் படங்களை அளக்கும் மென்பொருள்கள்: புதிய வசதிகளும் வரம்புகளும்

புதுதில்லி: முதுகெலும்பின் எக்ஸ்-ரே, சிடி, எம்ஆர்ஐ படங்களில் மருத்துவர்கள் பென்சிலும் கோணமானியும் கொண்டு எடுத்துவந்த அளவுகளை, கணினி மென்பொருள்கள் இப்போது குறுகிய நேரத்தில் கணித்துத் தருகின்றன. செயற்கை நுண்ணறிவின் துணையுடன் இயங்கும் இவை என்னென்ன செய்கின்றன, எங்கே தவறக்கூடும் என்பது குறித்த விளக்கம்:

பக்கவளைவின் கோணம்

ஸ்கோலியோசிஸ் எனப்படும் முதுகெலும்புப் பக்கவளைவை அளக்க, அமெரிக்க எலும்பியல் மருத்துவர் ஜான் ராபர்ட் காப் 1948-இல் விவரித்த முறையே இன்றும் பின்பற்றப்படுகிறது. வளைவின் மேல், கீழ் எல்லைகளில் மிக அதிகமாகச் சாய்ந்துள்ள இரு முள்ளெலும்புகளை ஒட்டிக் கோடுகள் வரைந்து, அவற்றுக்கு இடைப்பட்ட கோணத்தைக் கணிப்பதே இம்முறை. 10 பாகையும் அதற்கு மேலும் இருந்தால் அது பக்கவளைவு. வளர்பருவத்தினருக்கு 25 பாகையை ஒட்டித் தாங்குபட்டை அணிவிப்பதும், 45 முதல் 50 பாகையைக் கடந்தால் அறுவை சிகிச்சையும் பொதுவாகப் பரிசீலிக்கப்படுகின்றன.

ஒரே படத்தை இருவர் கையால் அளந்தால் ஏறத்தாழ 5 பாகை வரை வேறுபடக்கூடும். சென்ற முறையைவிட 5 பாகை கூடியுள்ள சிறுமியின் வளைவு உண்மையிலேயே வளர்ந்துள்ளதா, அல்லது அது அளவீட்டு வேறுபாடா என்பதைப் பொறுத்தே சிகிச்சை மாறுகிறது. மென்பொருள் ஒவ்வொரு முறையும் ஒரே விதிப்படி அளப்பதாலும், பழைய படங்களை அருகருகே வைத்து ஒப்பிடுவதாலும் இந்த ஐயம் குறைகிறது.

குறைந்த கதிர்வீச்சு

வளைவைக் கண்காணிக்கப் பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்ப எக்ஸ்-ரே எடுக்க வேண்டியுள்ளது. இதற்குத் தீர்வாக வந்த இஓஎஸ் கருவி, 1992-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற பிரெஞ்சு அறிவியலாளர் ஜார்ஜ் ஷார்பாக்கின் துகள் கண்டறியும் தொழில்நுட்பத்தை அடிப்படையாகக் கொண்டது. நின்ற நிலையில் முன்புறத்திலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் ஒரே நேரத்தில் இது படமெடுக்கிறது. அவ்விரு படங்களிலிருந்து முதுகெலும்பின் முப்பரிமாண வடிவத்தை மென்பொருள் உருவாக்குகிறது.

எலும்புகளை எண்ணுதல்

முள்ளெலும்புகளுக்குத் தானாகப் பெயரிடுவது மற்றொரு முக்கிய வசதி. பொதுவாகக் கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்புப் பகுதியில் 5 என இவை அமைந்துள்ளன. ஆனால் சிலருக்கு இடுப்புப் பகுதியின் கடைசி முள்ளெலும்பு, அதன் கீழுள்ள திருவெலும்புடன் இணைந்திருக்கும். வேறு சிலருக்குத் திருவெலும்பின் முதற்பகுதி தனித்திருக்கும். இடுப்பின் படம் மட்டுமே கையில் இருந்து, கீழிருந்து மேலாக எண்ணும்போது ஓர் எண் பிசகினால், அறுவை சிகிச்சையே தவறான இடத்தில் நிகழும் அபாயம் உண்டு. எனவே மென்பொருள் இடும் பெயர்களை மருத்துவர் சரிபார்ப்பது இன்றியமையாதது.

தேய்மானமும் முறிவும்

எம்ஆர்ஐ படங்களில் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்குகளின் தேய்மானம், 2001-இல் வெளியான ஃபிர்மான் அளவுகோலின்படி ஐந்து நிலைகளாகப் பிரிக்கப்படுகிறது. இத்தகைய தரப்படுத்தலைத் தானாகச் செய்யும் ஸ்பைன்நெட் என்ற அமைப்பை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கினர். வட அமெரிக்கக் கதிரியக்கவியல் சங்கம் 2022-இல் கழுத்தெலும்பு முறிவைக் கண்டறிவதற்கும், 2024-இல் இடுப்புப் பகுதித் தேய்மானத்தை வகைப்படுத்துவதற்கும் போட்டிகளை நடத்தியது.

வேறு காரணத்துக்காக எடுக்கப்பட்ட மார்பு அல்லது வயிற்று சிடி படத்தில், எவரும் தேடாத முள்ளெலும்பு முறிவைச் சுட்டிக்காட்டும் வசதி முதியோருக்குப் பெரிதும் பயன்படும். முள்ளெலும்பின் உயரம் 20 முதல் 25 விழுக்காடு வரை குறைந்தால் இலேசான முறிவு, 40 விழுக்காடு வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது என வகுக்கப்படுகிறது. இலேசான முறிவுகள் பெரும்பாலும் வலியின்றி நேர்வதால் கவனத்திலிருந்து தப்புகின்றன. எலும்புப்புரை நோயின் முதல் அறிகுறியாகவும் அவை இருக்கலாம்.

இந்தியச் சூழலில் கவனிக்க வேண்டியவை

தனக்குப் பயிற்சியாக அளிக்கப்பட்ட படங்களில் உள்ள நோய்களையே மென்பொருள் நன்கு அறியும். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இந்தியாவில் உள்ளார். எலும்பு, மூட்டுகளைத் தாக்கும் காசநோயில் ஏறத்தாழ பாதி முதுகெலும்பிலேயே ஏற்படுகிறது. தேய்மானத்தைத் தரம் பிரிக்க மட்டுமே பயிற்றுவிக்கப்பட்ட மென்பொருள், காசநோயால் அரிக்கப்பட்ட டிஸ்குக்கும் ஒரு தேய்மான எண்ணைக் கொடுத்துவிட்டு நின்றுவிடலாம். உரிய காலத்தில் கண்டறிந்தால் பெரும்பாலும் மருந்துகளாலேயே குணமாகும் இந்நோய், தாமதமானால் தண்டுவடத்தை அழுத்திக் கால்களைச் செயலிழக்கச் செய்யும்.

நோயைக் கண்டறியப் பயன்படும் மென்பொருள்களும் 2020 ஏப்ரல் 1 முதல் நாட்டில் மருத்துவச் சாதனங்களுக்கான சட்ட வரம்பில் அடங்குகின்றன. மருத்துவத் துறையில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவதற்கான நெறிமுறை வழிகாட்டுதல்களை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023-இல் வெளியிட்டது.

மென்பொருளை வாங்கும் மருத்துவமனைகள், அது எந்நாட்டு நோயாளிகளின் படங்களைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டது, எந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி பெற்றது, வரைந்த கோடுகளை மருத்துவர் திருத்த இடமுண்டா ஆகிய மூன்றையும் கேட்டறிய வேண்டும். மென்பொருள் அளந்து தந்தாலும், அந்த அளவை நோயாளியின் உடற்பரிசோதனையுடன் ஒப்பிட்டு முடிவெடுக்கும் பொறுப்பு மருத்துவருடையதே.