லோப் மையமும் நாட்பட்ட நோயாளர் செவிலியமும்

நியூயார்க்கில் 1884ஆம் ஆண்டு நாட்பட்ட நோயாளர் இல்லமாகத் தோன்றிய மாண்டிஃபியோரி, பின்னாளில் பெரிய மருத்துவமனையாக வளர்ந்தது. 1963இல் அதன் சார்பில் லோப் மையம் திறக்கப்பட்டது. செவிலியரான லிடியா ஹால் அதன் முதல் இயக்குநர். நோயின் கடுமை தணிந்ததும் தேர்ந்த செவிலியர் விலக, உதவியாளரே நோயாளரைக் கவனிப்பது அக்கால மருத்துவமனைகளின் பொதுவழக்கம். ஹால் இதனைத் தலைகீழாக்கினார். மருத்துவச் சிகிச்சையின் தேவை குறையுமிடத்தே செவிலியத்தின் தேவை மிகுகிறது என்பது அவர்தம் துணிபு. ஆகவே, குளிப்பாட்டுதல் முதலிய பணிகளையும் அங்கே பதிவுபெற்ற செவிலியரே செய்தனர். கடைநிலைப் பணியெனத் தள்ளப்பட்டது இங்கு முதன்மைப் பணியாயிற்று எனலாம். உடலைத் தொட்டுப் பேணும் அணுக்கத்தில்தான் நோயாளர் தம் அச்சங்களையும், நோயோடு இனி வாழவேண்டிய வகையையும் மனந்திறந்து பேசுவர் என அவர் கருதினார். 1969இல் ஹால் மறைந்தபின் ஜென்ரோஸ் அல்ஃபானோ இம்முறையைத் தொடர்ந்தார்.