ஸ்கேன் எடுக்கும் கைக்கும் வலி உண்டு: தோள்பட்டையைக் காப்பது எப்படி?

பெட்டாலிங் ஜெயா: வயிற்றில் வளரும் குழந்தையின் அசைவைப் பார்க்க வேண்டுமா, பித்தப்பையில் கல் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமா, டாக்டர் முதலில் எழுதிக் கொடுப்பது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான். கம்போங் மேடான், தேசா மெந்தாரி வட்டாரக் குடும்பங்களுக்கும் இது பழகிய பரிசோதனை. படுத்திருப்பவருக்கு இதில் வலி கிடையாது. ஆனால் நாள் முழுக்க ஸ்கேன் எடுப்பவருக்குத் தோள், கழுத்து, மணிக்கட்டு, இடுப்பு என்று வலி சேர்ந்துகொண்டே போகிறது.

இது இன்று நேற்று கண்டறியப்பட்டதல்ல. அமெரிக்காவைச் சேர்ந்த மார்வீன் கிரெய்க் 1985-ஆம் ஆண்டிலேயே இத்தொழிலின் உடல்நலக் கேடு பற்றிக் கட்டுரை எழுதினார். 'ஸ்கேன் பணியாளர் தோள்' என்ற பெயர் அதன் பிறகே பரவியது. அமெரிக்காவில் 1997-இல் வெளியான ஆய்வில், இப்பணியாளர்களில் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் வலியோடு வேலை செய்வது தெரியவந்தது. 2009-இல் வெளியான ஆய்வில் அது சுமார் 90 விழுக்காடாக இருந்தது.

செம்பனைக் குலை அறுத்தவர்களுக்கும் பால்மரம் வெட்டியவர்களுக்கும் தோள்வலி என்னவென்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அதே வீட்டுப் பிள்ளை குளிர்சாதன அறையில் உட்கார்ந்து ஸ்கேன் எடுத்துவிட்டு வந்து கை வலிக்கிறது என்றால், "உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு என்ன வலி?" என்ற கேள்விதான் வரும். அந்தக் கேள்விக்குப் பயந்தே பலர் தைலம் தடவிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போய்விடுகிறார்கள். ஆரம்பத்தில் குணமாக்கக் கூடிய வலி இப்படித்தான் முற்றிவிடுகிறது.

வலி ஏன் வருகிறது?

பெரும்பாலான அறைகளில் பணியாளர் நோயாளியின் வலப்பக்கம் உட்கார்ந்து, வலக்கையால் ஸ்கேன் கருவியை வயிற்றில் அழுத்திப் பிடிக்கிறார். இடக்கை விசைப்பலகையில் இருக்கும். கண் திரையில் இருக்கும். இதனால் கழுத்து ஒரு பக்கம் திரும்பியே இருக்கிறது.

கை உடம்பை விட்டு விலகி அந்தரத்தில் நிற்கும்போது, அதன் முழு எடையையும் தோள் தசைகள் தாங்குகின்றன. கை அசையாததால் ஓய்வாக இருப்பது போலத் தோன்றும். ஆனால் இறுகிய தசைக்குள் ரத்த ஓட்டம் குறைகிறது. அசைந்து வேலை செய்யும் தசையைவிட அசையாமல் தாங்கும் தசை சீக்கிரம் களைத்துவிடும். பருமனான நோயாளிகளுக்குக் கூடுதலாக அழுத்த வேண்டும். விரல் நுனிகளால் கருவியை இறுகப் பிடிப்பதால் மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்பட்டு விரல்கள் மரத்துப்போகலாம்.

ஸ்கேன் அறையில் செய்ய வேண்டியவை

1. நோயாளியை அருகில் வரச் சொல்லுங்கள். படுக்கையின் நடுவில் படுத்திருப்பவரை எட்டிப் பிடிக்காமல், ஓரத்துக்கு நகரச் சொல்ல வேண்டும். செலவே இல்லாத இந்த ஒரு பழக்கம் தோளுக்குப் பெரிய உதவி.

2. கை விலகும் கோணம் 30 பாகைக்குள் இருக்கட்டும். படுக்கையைத் தாழ்த்தியோ நாற்காலியை உயர்த்தியோ இதைச் சரிசெய்யலாம். முழங்கைக்கும் முன்கைக்கும் அடியில் தலையணையோ சுருட்டிய துண்டோ வைத்துத் தாங்கல் கொடுக்க வேண்டும்.

3. திரை நேர் எதிரில் இருக்க வேண்டும். அதன் மேல்விளிம்பு கண் மட்டத்தில் இருப்பது நல்லது. கர்ப்பிணிக்குக் குழந்தையைக் காட்டத் தனித் திரை இருந்தால், பணியாளர் தம் திரையைத் திருப்பிவிட்டுக் கழுத்தை வளைக்க வேண்டியதில்லை.

4. கருவியை உள்ளங்கையில் தளர்வாகப் பிடியுங்கள். கையுறை சரியான அளவில் இருக்க வேண்டும். பெரிய கையுறை வழுக்கும். பிடி தானாக இறுகும். ஒயரின் எடை மணிக்கட்டை இழுக்காமல் இருக்க அதற்கும் தாங்கல் தேவை. அதைக் கழுத்தில் சுற்றிக்கொள்ளக் கூடாது.

5. ஸ்கேன் நடுவிலும் கையை இறக்குங்கள். படத்தை அளக்கும்போதும் குறிப்பு எழுதும்போதும் கருவியிலிருந்து கையை எடுத்துத் தொங்கவிடலாம். சில நொடி ஓய்வும் தசைக்கு ரத்தம் கொண்டுவரும்.

வேலைப் பட்டியலும் முக்கியம்

நல்ல நாற்காலி மட்டும் போதாது. ஒரே வகை ஸ்கேனை வரிசையாகக் கொடுத்தால் ஒரே தசைதான் தொடர்ந்து உழைக்கும். ஆகவே கடினமான ஸ்கேன்களை நாள் முழுவதும் பிரித்துப் போட வேண்டும். வார்டுக்குக் கருவியைத் தள்ளிச் சென்று கட்டிலருகே எடுக்கும் ஸ்கேனில் இடமும் வசதியும் குறைவு. உடம்பு அதிகம் வளைகிறது. நடக்க முடிந்த நோயாளியை ஸ்கேன் அறைக்கு அழைத்து வருவதே மேல். ஆள் பற்றாக்குறையால் மதிய உணவு நேரத்தையும் விழுங்கும் பட்டியல் இருந்தால், எந்த உடற்பயிற்சியும் வலியைத் தடுக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி, பாதுகாப்பான வேலைமுறையை அமைத்துத் தருவது முதலாளியின் கடமை. 2024 ஜூன் 1-இல் நடப்புக்கு வந்த திருத்தத்துக்குப் பின், வேலையிட ஆபத்துகளை முன்கூட்டியே மதிப்பிடுவதும் கட்டாயம். கடமை தவறும் முதலாளிக்கான அபராதத்தின் உச்சவரம்பு 50,000 வெள்ளியிலிருந்து 5 லட்சம் வெள்ளியாக உயர்ந்துள்ளது. உடல் இருக்கை நிலை, அழுத்தம், திரும்பத் திரும்பச் செய்யும் அசைவு ஆகியவற்றை எப்படி மதிப்பிடுவது என்பதற்கு டோஷ் எனப்படும் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2017-இல் வழிகாட்டி வெளியிட்டது. 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். புகாரை அங்கே வைக்கலாம்.

1969-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் சொக்சோ, வேலையிட விபத்துக்கு மட்டுமல்ல, வேலையால் வரும் நோய்க்கும் பாதுகாப்பு தருகிறது. வேலையால் வந்தது என்று ஏற்கப்பட்டால் சிகிச்சை, தற்காலிக இயலாமைக்கான தொகை, நிரந்தர இயலாமைக்கான தொகை, மறுவாழ்வுப் பயிற்சி ஆகியவை கிடைக்கும். தற்காலிக இயலாமைக்குக் குறைந்தது 4 நாள் எம்.சி. வேண்டும், கணக்கிடப்படும் நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு வழங்கப்படும். நிரந்தர அரசு ஊழியர்கள் சொக்சோவில் வரமாட்டார்கள். அவர்கள் தங்கள் துறை வழியே முறையிட வேண்டும்.

வலி தொடங்கினால்...

வேலை நாளில் கூடி, விடுமுறையில் குறையும் வலி முக்கியமான அறிகுறி. இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் தோள்வலி, விரல் மரத்துப்போவது, கைப்பிடி தளர்வது ஆகியவற்றைத் தள்ளிப்போடக் கூடாது. டாக்டரிடம் போகும்போது, "கை வலிக்கிறது" என்று மட்டும் சொல்லாமல், என்ன வேலை, ஒரு நாளைக்கு எத்தனை ஸ்கேன், எத்தனை ஆண்டுகளாக என்பதையும் சொல்லி, மருத்துவக் குறிப்பில் எழுதச் செய்வது அவசியம். மேலாளரிடம் வாய்மொழியாகச் சொன்னதையும் எழுத்தில் கொடுத்து, ஒரு பிரதி வைத்துக்கொள்ள வேண்டும். வலி வேலையால் வந்தது என்று பின்னாளில் காட்டுவதற்கு இந்தத் தாள்களே கைகொடுக்கும்.