சலாபக் கரையும் ஆங்கில அகராதியும்

ஆங்கிலச் சொற்களை அட்டவணையிட்டு மனனம் செய்யும் மன்னார் மாணவனுக்கு, அவற்றுட் சில அவன் பாட்டனார் தொழிற் சொற்கள் என்பதை எவரும் சொல்வதில்லை. யூல், பர்னெல் என்னும் இருவர் தொகுத்து 1886-இல் வெளியான ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியைப் புரட்டினால் கட்டுமரமும் சங்கும் அங்கே இருக்கின்றன. சங்கு ‘சேங்க்’ ஆயிற்று. கட்டுமரம் ஈற்றசையில் அழுத்தம் பெற்றுக் ‘கேட்டமரான்’ ஆயிற்று. பொருளும் புரண்டது: மரங்களைக் கயிற்றாற் பிணைத்த ஏழையின் கலத்துக்குரிய பெயரை இன்று ஆங்கிலத்தில் இரட்டை உடல்கொண்ட படகு தாங்குகிறது, செல்வரின் உல்லாசக் கலமுங்கூட! பிணைத்த கயிறோ மலையாளக் கரை வழியே ‘கொயர்’ என்று போய்ச் சேர்ந்தது.

1796-இல் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து இக்கரையைக் கைப்பற்றினர். முத்துக்குளிப்பைக் கண்காணிக்க ஆளுநர் நோர்த்துக்கு அரிப்பில் மாளிகை எழுந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மூச்சடக்கி மூழ்கியவனுக்குச் சிப்பியில் மூன்றிலொரு பங்கே, எஞ்சியது அரசுக்கு. சொல்லுக்கு அந்தப் பங்குமில்லை.

1833-இன் கோல்புரூக் சீர்திருத்தங்களுக்குப் பின் ஆங்கிலம் உத்தியோகத்தின் வாயிலாயிற்று. ஆங்கிலப் பாடசாலை கட்டணம் கேட்டது. தாய்மொழிப் பாடசாலை கேட்கவில்லை. ஆகவே முக்குளிப்போர் பிள்ளைகள் எங்கே பயின்றனர் என்று விளக்க வேண்டியதில்லை. இலவசக் கல்வி 1945-இல்தான் வந்தது. அதற்கு நாற்பதாண்டு முன்னரே, இக்கடலை ஆராய்ந்த ஹெர்ட்மன், 1903 முதல் 1906 வரை வெளிவந்த தம் அறிக்கைகளில், சிப்பி விளையும் கடற்றரைக்கு வேறு சொல் தேடாமல் ‘பார்’ என்றே ஆங்கிலத்தில் எழுதிச் சென்றார்.